மாணவரும் ஹாக்கி மைதானமும்

1928-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி, இந்திய ஹாக்கிக் கோஷ்டியார் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயங்களுக்காகப் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறினர். அவர்களை வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர்: ஹாக்கிச் சம்மேளனத்தின் தலைவர், உபதலைவர், ஒரு பத்திரிகைக்காரர். அவ்வளவுதான். ஆடிய ஐந்து பந்தயங்களிலும் ஒரு கோல்கூட வாங்காமல் தங்கப் பதக்கம் வென்று, சில மாதங்களுக்குப் பின் அதே பம்பாயில் அவர்கள் கரையிறங்கியபோதோ, துறைமுகத்தில் எள் விழ இடமில்லை. வெற்றிக்குப் பின் வந்தவர் பல்லாயிரவர். வெற்றிக்கு முன் வந்தவர் மூவர். நமது பொது வாழ்வின் பெருங்குறை ஒன்று இந்தக் கணக்கில் அடங்கிக் கிடக்கிறது.

இந்தப் பழைய செய்தியை இன்று நாம் எடுத்துச் சொல்வதற்குக் காரணமுண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் ஹாக்கிப் பந்தயங்களைப் பார்க்க வரும் மாணவர் தொகை வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறது. பக்கத்துக்குப் பதினொருவராக இருபத்திருவர் மைதானத்தில் ஓடுகின்றனர். ஓரத்து வேப்பமர நிழலில் மாற்று ஆட்டக்காரர் சிலரும், தேகப்பயிற்சி ஆசிரியர் இருவரும், தண்ணீர்க் குடமும் இருப்பதைக் காண்கிறோம். கோல் விழுந்தால் கை தட்டுவதற்கு ஆளில்லை. ஆயிரக்கணக்கானோர் பயிலும் கல்லூரியில், தம்முடன் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் தோழன் ஆடுவதைப் பார்க்க ஐம்பது பேர் சேரவில்லை என்றால், அது சாதாரணமாக ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் அன்று.

வாலிபருக்கு ஹாக்கியில் ருசி போய்விட்டது என்று கூறுவார் உளர். நாம் அவ்விதம் கருதவில்லை. 2021-ல் டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்கு ஹாக்கிப் பதக்கம் கிடைத்தபோதும், 2024-ல் பாரிஸில் மறுபடியும் வெண்கலம் கிடைத்தபோதும், நம் மாணவர் கைகளிலிருந்த கைப்பேசிகளெல்லாம் அந்தச் செய்தியையே முழங்கின. 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளைஞர் உலகக் கோப்பைப் பந்தயங்கள் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றன. டிசம்பர் 2-ந் தேதி மதுரையில் நமது கோஷ்டி ஸ்விட்சர்லாந்தை 5-0 என்ற கணக்கில் தோற்கடித்தது. முடிவில் அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று மூன்றாமிடம் பெற்றது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உலகக் கோப்பையைக் காண அத்தனை தூரம் பஸ் ஏற மனம் கொள்பவனுக்கு, தன் வகுப்பறையிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் வரும் மைதானம் ஏன் தூரமாகிவிட்டது? ஆட்டத்தில் ஆசை இருக்கிறது. ஆடுகிற தோழனிடத்தில் அக்கறைதான் இல்லை. இதுவே நோயின் மூலம்.

எனினும், குற்றம் முழுவதையும் மாணவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. நரிக்குடியிலிருந்தும், பரளச்சியிலிருந்தும், காரியாபட்டியிலிருந்தும், பந்தல்குடியிலிருந்தும் வரும் பிள்ளைக்குக் கடைசி வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பற்றியே கவலை. அதைத் தவறவிட்டால் இருட்டிய பிறகே வீடு சேரமுடியும். பெண்ணாயிருந்தால் வீட்டில் கேள்விமேல் கேள்வி. இன்னொருவன் மாலையில் மில்லிலோ, ஜவுளிக் கடையிலோ, தகப்பனாரின் தறியிலோ வேலை பார்க்கவேண்டியவன். பந்தயங்களோ பெரும்பாலும் வகுப்பு நடக்கும் காலை வேளையில் வைக்கப்படுகின்றன. வகுப்பை விட்டு வந்தால் வருகைப் பதிவு போய்விடும். பந்தயம் இன்ன நாளில், இன்ன கல்லூரியுடன் என்ற அறிவிப்புக்கூடப் பலகையில் ஒட்டப்படுவதில்லை. அழைப்பில்லாத கல்யாணத்துக்கு யார் வருவார்? கூட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடுகளையெல்லாம் செய்துவிட்டு, கூட்டம் வரவில்லையே என்று பெரியவர்கள் அங்கலாய்ப்பதில் பொருளில்லை.

மைதானத்தின் நிலையும் ஒரு காரணமாகும். 1976-ல் மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை புகுந்தது. அதுவரை ஒலிம்பிக்கில் பதக்கமின்றித் திரும்பியறியாத நம் தேசம் அவ்வாண்டு ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. இன்று உலகப் பந்தயங்கள் நீலத் தரையில் நடக்கின்றன. பந்து கண்ணாடியில் உருளுவதுபோல் உருளுகிறது. திரையில் அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கரிசல் வெடித்த நிலத்தில், சரளையில் தடுக்கித் துள்ளும் பந்து வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உண்மை என்ன? குண்டும் குழியுமான தரையில், எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாத பந்தை மட்டையில் அடக்கி, மூன்று பேரை ஏமாற்றிக் கொண்டுபோவது சாமானியமான வித்தை அன்று. தியான் சந்த் காலத்து வீரர் அனைவரும் மண்ணிலும் புல்லிலுமே வளர்ந்தவர். நம் வெயிலில், நம் மண்ணில் ஆடும் பிள்ளையின் திறமையை நாமே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பர்?

"படிக்க வந்த பிள்ளை படிக்கட்டும், விளையாட்டு வேடிக்கை பார்ப்பதால் தேசத்துக்கு என்ன லாபம்?" என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1928-ல் நம் கோஷ்டிக்குத் தலைமை வகித்த ஜெய்பால் சிங், ஆக்ஸ்போர்டில் கல்லூரி மைதானத்தில் பெயரெடுத்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் உரிமைக்காக முழங்கியவரும் அவரே. 1936 ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் ஜெர்மனியை எதிர்த்து இறுதிப் பந்தயம். பிரிட்டிஷ் கொடியின்கீழ் ஆட விதிக்கப்பட்டிருந்த நம் வீரர், மைதானத்துக்குள் புகுமுன் தம் அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடியை வணங்கிவிட்டுச் சென்று 8-1 என்று வென்றனர். சரியாகப் பதினொரு ஆண்டு கழித்து அதே தேதியில் தேசம் விடுதலை பெற்றது. 1948 ஆகஸ்டு 12-ந் தேதி, சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்னதாக, லண்டன் மாநகரிலேயே பிரிட்டிஷ் கோஷ்டியை 4-0 என்று தோற்கடித்தோம். 1980-ல் மாஸ்கோவில் நமக்குத் தங்கம் கிடைத்தபோது தலைவராயிருந்தவர் சென்னை லயோலா கல்லூரியில் பயின்ற தமிழர் வாசுதேவன் பாஸ்கரன். கல்லூரி மைதானம் வேடிக்கைக்கு மட்டும் ஏற்பட்ட இடமென்று இனியும் சொல்வார் உண்டோ?

பார்ப்போர் இல்லாவிட்டால் ஆடுவோர் என்ன ஆவர் என்பதைச் சற்று யோசிக்கவேண்டும். வருஷாரம்பத்தில் கல்லூரி நிர்வாகம் செலவுக் கணக்குப் போடும்போது, ஹாக்கி மட்டைக்கும், கோல் காப்பவரின் கவசத்துக்கும், வெளியூர்ப் பிரயாணத்துக்கும் பணம் கேட்கப்படுகிறது. "யார் பார்க்கிறார்கள்?" என்ற ஒரே கேள்வியில் அந்தக் கோரிக்கை விழுந்துவிடும். அதற்கு விடையாகக் காட்டக்கூடியது மைதானத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம் ஒன்றே. அது இல்லாவிட்டால் முதலில் பிரயாணம் குறையும். பிறகு மட்டை குறையும். கடைசியில் கோஷ்டியே கலையும். நஷ்டம் யாருக்கு? சொந்தப் பணத்தில் மட்டை வாங்கக்கூடியவனுக்கு அன்று. மானாவாரிக் காட்டை நம்பி வாழும் குடும்பத்திலிருந்து, கல்லூரி கொடுக்கும் மட்டையை நம்பி வந்த பிள்ளைக்கு. பாவாடை தாவணியை மாற்றி மைதானத்தில் இறங்குவதற்கே வீட்டாரோடு போராடி வென்ற பெண்ணுக்கு. இவர்களுக்காகக் கை தட்டுவது உபசாரம் அன்று. அவர்கள் மைதானத்தில் நிற்கும் உரிமைக்கு நாம் இடும் சாட்சிக் கையெழுத்து அது.

வறண்ட பூமியில் இதெல்லாம் நடக்குமா என்ற சந்தேகம் வேண்டுவதில்லை. நமக்குத் தெற்கே அதே கரிசல் காட்டில் இருக்கிறது கோவில்பட்டி. 'ஹாக்கிப்பட்டி' என்று பத்திரிகைகள் செல்லமாக அழைக்கும் அவ்வூரில் ஹாக்கி என்பது ஊர்ச் சொத்து. கடைக்காரரும், தீப்பெட்டித் தொழிலாளரும், பழைய ஆட்டக்காரரும் பந்தயத்தைப் பார்த்து, ஆட்டத்தின் நுணுக்கத்தைத் தர்க்கித்து வளர்த்த ஊர் அது. அவ்வூர் மாரீஸ்வரனும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர்க் கார்த்தி செல்வமும் 2022-ல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினர். ஒரிஸ்ஸாவின் சுந்தர்கட் ஜில்லாவில் கிராமத்துப் பந்தயங்களுக்கு ஆட்டுக்கடாவே பரிசு. ஊரே திரண்டு நின்று பார்க்கும். அந்த ஜில்லாவிலிருந்துதான் இந்தியக் கோஷ்டியின் தலைவராக விளங்கிய திலீப் திர்க்கி வந்தார். இவ்விடங்களில் கூட்டம் முந்தியது, கீர்த்தி பிந்தியது. மாளிகை போன்ற மைதானம் வந்த பிறகு ஜனங்கள் வரவில்லை. ஜனங்கள் வந்ததனால் மைதானம் வந்தது.

அரசியல் ஊழியர்களாகிய நம் வாசகர்களுக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜயந்தியிலும் கிராம சபை கூடுகிறது. குளத்தைத் தூர் வாருவது பற்றியும், தெரு விளக்கைப் பற்றியும் பேசவேண்டிய அந்தச் சபைக்கு வருவோர் எத்தனை பேர்? நூறு மைல் தூரத்துத் தலைவரின் ஊர்வலத்துக்கு லாரி லாரியாகச் செல்லும் ஊர், தன் சாவடியில் நடக்கும் கூட்டத்துக்கு வரச் சோம்புகிறது. தூரத்துப் பெருமையில் களித்து, அருகிலுள்ள கடமையை மறக்கும் இந்தப் பழக்கம் கல்லூரி வயதிலேயே வேர் பிடிக்கிறது. தோற்கக்கூடிய தன் தோழனுக்காக வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கப் பழகியவன், தோற்கக்கூடிய ஒரு நல்ல காரியத்துக்காகவும் பிற்காலத்தில் நிற்பான். வென்றவனை மட்டும் துதிக்கப் பழகியவன், எந்தக் கட்சி வென்றாலும் அந்தக் கட்சியின் வாசலில் நிற்பான்.

செய்யவேண்டியவை அதிகமல்ல, செலவுள்ளவையும் அல்ல. உள்ளூரில் நடக்கும் பந்தயங்களைக் காலை வெயிலிலிருந்து பிற்பகல் மூன்றரை மணிக்கு மாற்றலாம். அன்று ஒரு நாள் கடைசி வகுப்பை ரத்து செய்து, காலேஜ் பஸ்களை ஒரு மணி நேரம் தாமதித்து விடலாம். மூன்று நாள் முன்னதாக ஆட்டக்காரர் பெயர்களையும், ஊர்களையும், வகுப்பையும் பலகையில் எழுதிப் போடலாம். நரிக்குடிப் பையன் ஆடுகிறான் என்றறிந்தால் நரிக்குடி பஸ்ஸில் வருபவர் அனைவரும் நிற்பர். பெண்கள் ஆடும் பந்தயத்துக்கும் இதே மரியாதை வேண்டும். வேப்பமர நிழலோடு ஒரு பந்தலும், ஒரு தொட்டித் தண்ணீரும் போதும். ஆட்டத்தின் விதிகளை ஒலிபெருக்கியில் ஒருவர் நல்ல தமிழில் விளக்கினால், புதிதாக வருபவனுக்கும் ருசி பிறக்கும். ஊர்ப் பிரமுகரைப் பரிசளிக்க அழைப்பவர்கள், அவர் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் வராமல் முதல் விசிலுக்கே வரவேண்டுமென்று நிபந்தனை போடட்டும்.

இவற்றைச் செய்வது நிர்வாகத்தின் கடமை. செய்த பிறகும் மாணவர் வராவிட்டால், அப்போது பழி மாணவரையே சேரும். அந்தப் பழியை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்றே நாம் நம்புகிறோம். அடுத்த பந்தயத்தில் நம் கல்லூரிக் கோஷ்டி வெல்லுமோ தோற்குமோ, நாம் அறியோம். வென்ற பின் மாலை சூட்டக் கூட்டத்துக்குப் பஞ்சமிராது. பம்பாய்க் கரையில் அன்று நின்ற மூவரைப் போல, முடிவு தெரியாத வேளையில் வந்து நிற்பவர்களையே நாம் வேண்டுகிறோம். அந்த மூவர் முப்பதாகவும், முந்நூறாகவும் பெருகட்டும்!