எச்-இண்டெக்ஸ் சொல்லாத வேதியியல்

வேதியியல் துறையில் நியமனமோ பதவி உயர்வோ வந்தால் முதலில் விழும் கேள்வி, "எத்தனை பேப்பர், எவ்வளவு சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் என்ன?" என்பதுதான். மனிதர்கள் பாரபட்சம் பார்ப்பார்கள், எண் பார்க்காது என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். இந்த நியாயம் எனக்கு ஏற்புடையதல்ல.

அதிகம் மேற்கோள் காட்டப்படுபவரே பெரிய கண்டுபிடிப்பாளர் என்பது முதல் வாதம். உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக்கட்டுரை, 1951இல் ஆலிவர் லௌரியும் மூன்று சகாக்களும் எழுதியது. புரதக் கரைசலில் ஃபோலின் வினைப்பொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். அதன் அடர்த்தியை வைத்துப் புரதத்தின் அளவைக் கணக்கிடலாம். புரதத்தை அளந்தவர்கள் எல்லோரும் செய்முறைப் பகுதியில் இதைக் குறிப்பிட்டார்கள். எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியது. அது மகத்தான கட்டுரை அல்ல என்று லௌரியே எழுதியிருக்கிறார். எத்தனை பேர் ஒரு முறையைக் கையாண்டார்கள் என்பதைத்தான் மேற்கோள் காட்டுகிறது. அது மதிக்க வேண்டிய விஷயமே, ஆனால் சிந்தனையின் ஆழம் வேறு. இந்தப் பயன்பாட்டை அளப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் தந்த கணக்குப்படி, எச்-இண்டெக்ஸ் 20 என்றால் குறைந்தது 20 தடவை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். ஆகவே அந்த 3 லட்சமும் சேர்ந்து லௌரியின் எச்-இண்டெக்ஸை ஒன்றுக்கு மேல் உயர்த்தாது.

பெரிய இதழில் வந்தால் பெரிய ஆய்வு என்பார்கள். 2008இல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக், படிக அமைப்பைக் கண்டறியும் தன் 'ஷெல்எக்ஸ்' மென்பொருளின் வரலாற்றை ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழில் எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். சுமார் 2 ஆக இருந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் (அதன் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள்) அடுத்த ஆண்டே 50ஐ நெருங்கியது. அந்த ஒரு கட்டுரைதான் காரணம். அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு 25 மடங்கு உயர்ந்துவிடவில்லை.

பேப்பர் குறைவென்றால் உழைப்பு குறைவா? கொய்ச்சி தனாகா ஷிமாட்சு நிறுவனப் பொறியாளர், படித்தது மின்பொறியியல், முனைவர் பட்டம் கிடையாது. 1985இல் நுண்ணிய கோபால்ட் தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். தூளை வீணாக்க மனமில்லாமல் அதையே லேசர் சோதனைக்கு வைத்தார். பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் அயனியாக்கும் வழி திறந்தது. 2002இல் வேதியியல் நோபல் வந்தது. இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் முறை ஜெர்மனியின் காரஸ், ஹில்லென்காம்ப் இருவருடையது, அவர்களுக்கும் பங்கு தந்திருக்க வேண்டும் என்ற வாதம் உண்டு. அதுகூட யார் முதலில் செய்தார் என்ற சர்ச்சையே. பேப்பர் கணக்கை மட்டும் பார்க்கும் குழு தனாகாவை நேர்காணலுக்கே அழைத்திருக்காது.

எதிர்த்திசையிலும் எண் தவறுகிறது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வரைந்த வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் புரத அமைப்புகள் சரிபார்க்கப்படுகின்றன. 'ராமச்சந்திரன் பிளாட்' என்று பெயரை மட்டும் எழுதி, மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமல் போகிறவர்கள் ஏராளம். பாடப்புத்தகத்தில் கலந்துவிட்ட அறிவுக்கு மேற்கோள் சேர்வதில்லை.

பாரபட்சமின்மை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு ஸ்கோபஸ் ஒரு எண்ணும் கூகுள் ஸ்காலர் வேறொரு எண்ணும் காட்டும். தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொள்ளலாம். இருபது பேர் சேர்ந்து எழுதினால் இருபது பேருக்கும் முழுக் கணக்கு.

"வேறு வழி என்ன, நூறு விண்ணப்பங்களையும் படிக்க முடியுமா?" என்பது கடைசி வாதம், நேர்மையான வாதமும்கூட. முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு கட்டுரைகளையாவது தேர்ந்து தரச் சொல்லிப் படிக்கலாம். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்று 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனமே கேட்டுக்கொண்டது. வேதியியலுக்கோ சொந்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1921 முதல் வரும் 'ஆர்கானிக் சிந்தசிஸ்' தொகுப்பில், ஆசிரியர் குழுவினரின் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்க்காத எந்தச் செய்முறையும் அச்சேறாது. நேர்காணல் அறையில் எச்-இண்டெக்ஸைக் கேட்பதற்கு முன், "உங்கள் வினையை வேறு யாராவது செய்து பார்த்தார்களா, அதே விளைச்சல் வந்ததா?" என்று கேட்கட்டும்.