விட்டுக்கொடுக்கச் சொல்வது யாரிடம்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு வியாபாரிகள் பாக்கித் தகராறை உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுபோல ஆதிவாசி நிலப் பிரச்சினையையும் கூட்டுத் தலைமையால் தீர்த்துவிடலாம், வழக்கும் போராட்டமும்தான் காரியத்தைக் கெடுக்கின்றன என்று அந்தக் கடைத்தெருவில் நடந்த கூட்டத்தில் ஒரு நண்பர் பேசினார். அந்த இடத்திலிருந்து கேரள அரசின் செக்ரட்டேரியட் நடந்துபோகும் தூரம்தான். அதன் வாசலில் நடந்தது எதுவும் அவர் பேச்சில் இல்லை.

2001 ஆகஸ்டில் ஆதிவாசித் தலைவர் சி.கே.ஜானு தலைமையில் ஆதிவாசிகள் அங்கே குடில் கட்டி உட்கார்ந்தார்கள். 48 நாள். அக்டோபர் 16 அன்று முதல்வர் ஏ.கே.அந்தோணி அவர்களோடு பேசி உடன்பாடு கண்டார். நிலமற்ற குடும்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து ஏக்கர்வரை தருவதாகவும் 2002 முடிவதற்குள் கொடுத்து முடிப்பதாகவும் ஒப்புக்கொண்டார். நண்பர் கேட்கும் பேச்சுவார்த்தை இதுதானே? வாக்கு நிறைவேறாததால் அவர்கள் வயநாட்டின் முத்தங்கா காட்டில் குடியேறினார்கள். 2003 பிப்ரவரி 19 அன்று போலீஸ் சுட்டது. ஜோகி என்ற ஆதிவாசி செத்தார். அன்றைய மோதலில் ஒரு போலீஸ்காரரும் உயிரிழந்தார். 2014இல் அதே உடன்பாட்டை நிறைவேற்றக் கேட்டு, அதே செக்ரட்டேரியட் முன்னால் 162 நாள் நின்றே போராடினார்கள். சாலைக் கடைத்தெருவில் ஒருமுறை வாக்குத் தவறியவனுக்கு மறுபடி யார் கடன் கொடுப்பார்கள்?

வழக்கு கெடுத்தது என்பது அதைவிடப் பெரிய பொய். ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தை மீட்டுத்தரும் கேரளச் சட்டம் 1975இலேயே வந்தது. அதற்கு விதிகள் எழுத 1986 ஆயிற்று. 1993இல் உயர் நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் அமல்படுத்தச் சொன்னது. அரசு தவணைமேல் தவணை கேட்டது. கடைசியில், 1996இல், சட்டத்தையே மாற்ற ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்தன; சட்டமன்றத்தில் எதிர்த்தவர் கே.ஆர்.கௌரியம்மா ஒருவர்தான். பிறகு வந்த 1999 சட்டம் இரண்டு ஹெக்டேர்வரை கைமாறிய நிலத்தை வாங்கியவருக்கே உறுதிசெய்து, இழந்தவருக்கு வேறெங்கோ மாற்று நிலம் என்றது. தலைவர்கள் இதைவிட ஒற்றுமையாக இருந்த நாள் கேரளத்தில் அபூர்வம். அந்த ஒற்றுமையின் செலவு முழுவதையும் ஆதிவாசியே கொடுத்தார்.

ஆதிவாசி நிலத்தில் குடியேறிய சிறு விவசாயியும் ஏழைதான், மறுக்கவில்லை. அவரைக் காப்பது அரசின் கடமை. அதற்கு அட்டப்பாடியில் வாழும் இருளர் ஆதிவாசிகளின் நிலத்தை எடுத்துக் கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை.

நண்பரே, உங்களுக்குச் சமரசத்தில் உண்மையான அக்கறை இருந்தால், 2001 உடன்பாட்டை முழுமையாக நிறைவேற்றும்படி அரசிடம் கேளுங்கள். அதுவரை ஆதிவாசிகளிடம் விட்டுக்கொடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.