ஈட்டிக்கு ஏழு, துப்பாக்கிக்கு ஐந்து

நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மேலே பச்சைத் துணி. துணிக்கு அடியில் நாலு தடிப் புத்தகங்களை அடுக்கி ஒரு குன்று. ஒரு பக்கம் சிவப்புச் சட்டை போட்ட பிரிட்டிஷ் பொம்மைகள், எதிரே கேடயமும் ஈட்டியும் ஏந்திய ஜூலு பொம்மைகள். 1879 ஜனவரி 22, தென்னாப்பிரிக்காவின் இசாண்டல்வானா.

மினியேச்சர் வார்கேம் தெரியாதவர்களுக்கு: இரண்டு அங்குலம்கூட உயரமில்லாத பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்தி, டேப் வைத்துத் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு. யார் எவ்வளவு தூரம் நகரலாம், எப்போது பயந்து ஓடுவான் என்பதையெல்லாம் ஒரு விதிநூல் சொல்லும். எங்களுக்குப் பழக்கமான விதிநூல் 2014இல் வந்த 'லயன் ராம்பண்ட்'. அது ஐரோப்பிய மத்தியகாலச் சண்டைகளுக்காக எழுதப்பட்டது. அதை ஜூலு போருக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நான்தானே கோடு எழுதுகிறவன்.

ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன். வில்லாளி இருந்த இடத்தில் துப்பாக்கி வீரன். சுடும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கட்டளைக்குக் கீழ்ப்படிய இரண்டு பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்ற கட்டத்தில் பிரிட்டிஷாருக்கு 5 போட்டேன், ஜூலுக்களுக்கு 7. ஏன் 7? யோசிக்கவே இல்லை. ஈட்டி வைத்திருக்கிறான், ஒழுங்கு குறைவாகத்தானே இருக்கும். இதுதான் நான் செய்த மொத்த வரலாற்று ஆராய்ச்சி.

மூன்று முறை ஆடினோம். மூன்று முறையும் ஜூலுக்கள் தோற்றார்கள். காரணம் வீரமில்லை, கணக்கு. இரண்டு பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 36இல் 21. லயன் ராம்பண்டில் ஒரு கட்டளை தவறினால் உங்கள் முறையே முடிந்து எதிராளியிடம் போய்விடும். ஜூலு படையின் நடு மார்பு, இடக்கொம்பு, வலக்கொம்பு மூன்றும் ஒரே முறையில் நகரும் வாய்ப்பு வெறும் 20 சதவீதம். பிரிட்டிஷாருக்கு அதுவே 58. என் விதிப்படி இசாண்டல்வானா நடந்திருக்கவே முடியாது.

ஆனால் நடந்தது. முகாமில் இருந்த சுமார் 1,700 பேரில் 1,300க்கும் மேற்பட்டோர் அன்று செத்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் கொண்ட ஜூலு படை அன்றைக்குத் தாக்கும் திட்டத்திலேயே இல்லை. பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருந்தவர்களைப் பிரிட்டிஷ் தரப்பின் வேவுக் குதிரைக்காரர்கள் தற்செயலாகப் பார்த்துவிட்டார்கள். உடனே எழுந்தார்கள், ஓடினார்கள், ஓடுகிற ஓட்டத்திலேயே எருமைக் கொம்பு வியூகத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஆள் அனுப்பிக் கட்டளை சொல்ல அங்கே நேரம் கிடையாது. அந்தப் பிரிவுகள் வயது வாரியாகச் சேர்க்கப்பட்டவை, இளவயதிலிருந்து ஒன்றாகவே இருந்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ளக்கூட மன்னரின் அனுமதி வேண்டும். இப்படிப்பட்ட படைக்குத்தான் நான் ஒழுங்கு குறைவு என்று 7 போட்டேன்.

என் கோபம் முதலில் என்மேல்தான். ஆனால் நான் தனி ஆள் இல்லை. இந்தப் பொழுதுபோக்கு முழுக்க 'ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்' வியாதி பிடித்திருக்கிறது. மாயாஜாலப் படைகளுக்காக 2000இல் வந்த 'வார்மாஸ்டர்' விதியின் கட்டளை முறை 2009இல் 'பிளாக் பவுடர்' ஆகி வெடிமருந்துக் காலத்துக்குப் போனது. 2011இல் 'ஹெயில் சீசர்' ஆகி ரோமானியர்களிடம் போனது. ஜாலியான ஆட்டங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே எஞ்சின் எல்லா நூற்றாண்டிலும் ஓடும்போது, எல்லா நூற்றாண்டு மனிதர்களும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள், தயங்கினார்கள் என்று அந்த ஆட்டம் நம்மிடம் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. நாமும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம்.

விதியை உண்மையிலேயே மாற்றுவது எப்படி இருக்கும்? 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் கொண்டுவந்த 'செயின்மெயில்' மத்தியகாலப் போருக்கான விதிநூல். கடைசியில் மாயாஜாலத்துக்கு ஒரு பின்னிணைப்பு. மந்திரவாதியின் நெருப்புப் பந்துக்குப் பெரிய கல்லெறி பொறியின் கணக்கு, மின்னலுக்குப் பீரங்கியின் கணக்கு, நாயகன் என்றால் நாலு வீரனுக்குச் சமம். அதுவும் பெயர் மாற்றம்தான். ஆனால் ஆடியவர்கள் அங்கே நிற்கவில்லை. அந்த நாயகன் யார், நாளைக்கு அவன் எங்கே போவான் என்று கேட்டார்கள். பழைய அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை. 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்தார்கள். கேள்வி மாறியதால் ஆட்டம் மாறியது.

இன்னொன்று, 2013இல் வந்த 'செயின் ஆஃப் கமாண்ட்'. இரண்டாம் உலகப்போர்க் களம். ஆட்டம் தொடங்கும்போது மேசையில் ஒரு வீரன்கூட இருக்கமாட்டான். ரோந்துக்கான அடையாள வில்லைகள்தான் நகரும். உங்கள் ஆட்கள் எங்கிருந்து வெளிப்படலாம் என்பதை அவை நின்ற இடம் தீர்மானிக்கும். அந்தப் போரில் சிப்பாயின் பெரிய பிரச்சினை எதிரி கண்ணுக்குத் தெரியாததுதான் என்று யோசித்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "மச்சான், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பொம்மை வச்சு விளையாடுறோம். அதுக்குப் பிஎச்டி பண்ணச் சொல்றியா?"

இல்லடா. விவரத்தைக் கூட்டு என்று நான் சொல்லவே இல்லை. பக்கம் பக்கமாக அட்டவணை போட்டாலும் தப்பான கேள்விக்குத் தப்பான பதில்தான் வரும். என் இரண்டாவது மாற்றம் முதலாவதைவிடச் சின்னது. ஜூலுக்களுக்கான கட்டளைப் பகடையையே தூக்கிவிட்டேன். மார்பும் கொம்புகளும் தம் திட்டப்படி ஒவ்வொரு முறையும் தாமாகவே நகரும். திட்டத்தை மாற்ற நினைத்தால் மட்டும் பகடை. முகாமிலிருந்து தள்ளி நீளமாகப் பரவி நிற்கும் பிரிட்டிஷ் வரிசையைப் பின்னுக்கு இழுக்க வேண்டுமானால் அவர்கள்தான் பகடை உருட்ட வேண்டும். ஒரு ஞாயிறு நண்பன் முதல் முறையிலேயே ஆட்களை நெருக்கி நிறுத்தித் தப்பித்தான். அடுத்த ஞாயிறு இரண்டு முறை தாமதித்தான், மேசையில் ஒரு சிவப்புச் சட்டை மிஞ்சவில்லை. இப்போதுதான் அது இசாண்டல்வானா.

டிராகனுக்குத் தப்பாக எண் போட்டால் எந்த டிராகனும் வருத்தப்படாது. ஜூலுக்கள் உண்மையான மனிதர்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நாமும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம். 1990இல் வந்த 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்' ஒரு படைக்குப் பன்னிரண்டே துண்டுகள் கொண்ட அழகான எளிய ஆட்டம். அதன் படைப் பட்டியல்களில் தமிழர் படையும் உண்டு. பல நூற்றாண்டுகள் ஒரே தலைப்பின்கீழ்! சங்க கால வீரனும் சோழப் பேரரசின் வீரனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கோபப்பட எனக்கு அருகதை இல்லை. நானும் இன்னொருவன் பாட்டனுக்கு அதைத்தானே செய்தேன்.

இப்போது நண்பன் 3டி பிரிண்டரில் சோழர் படைக்கு யானைகள் அச்சடித்து வைத்திருக்கிறான். "விதி எப்போடா ரெடி ஆகும்?" என்று வாரம் ஒருமுறை கேட்கிறான். ஷீட்டை இன்னும் திறக்கவில்லை. போர்க்களத்தில் ஒரு சோழத் தளபதியின் கட்டளை யார் வழியாக யாருக்குப் போனது, எதைப் பார்த்தால் அந்தப் படை கலைந்தது? கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எண்ணை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.