மூலக்கூற்றைச் சுழற்றிக் காட்டும் முறை

இரசாயனமும் உயிர்நூலும் பயிலும் நம் மாணாக்கர் மன்றக் கூட்டங்களிலே பேச எழும்போது குறிப்பேடு ஏந்திவந்த காலம் கழிந்தது. கணினியிலே படவில்லைகள் அமைத்துக்கொண்டு வரும் காலம் வந்துவிட்டது. அவற்றுள்ளும், மூலக்கூறுகளின் முப்பரிமாண உருவத்தைத் திரையிலே பம்பரம்போற் சுழலவிட்டு, அதன்மேற் பெயர்களும் அம்புக்குறிகளும் பொறித்துக் காட்டுவது இப்பொழுது பெருவழக்காயிற்று. காண்போர் வியக்கின்றனர், கைதட்டுகின்றனர், பேசியவர் மகிழ்ந்து அமர்கின்றார். ஆயினும் கூட்டம் கலைந்தபின் வாயிலிலே ஒருவரை நிறுத்தி, “அம்மூலக்கூற்றின் எப்பகுதி எதனோடு பொருந்துகிறது?” என்று வினவினால் விடை கூறுவார் அரியர். கண்ணுக்கு விருந்தும் அறிவுக்குப் பட்டினியுமான இந்நிலை மாறவேண்டும். சுழற்றுதலையே கைவிடவேண்டும் என யான் சொல்ல வரவில்லை. எதனைக் காட்டச் சுழற்றுகின்றோம், எவ்விடத்தில் நிறுத்துகின்றோம் என்னும் இரண்டையும் முன்னரே துணிந்துகொண்டு சுழற்றவேண்டும் என்பதே யான் வற்புறுத்துவது.

மூலக்கூறு தட்டையான பொருளன்று என்பதை உலகம் எளிதில் ஒப்புக்கொண்டுவிடவில்லை. 1865-ஆம் ஆண்டில் ஹாப்மன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் நிகழ்த்திய சொற்பொழிவிலே, குரோக்கே ஆட்டத்துப் பந்துகளைக் கம்பிகளாற் கோத்து மூலக்கூறுகளைச் செய்து காட்டினார். கரிக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, நைட்ரஜனுக்கு நீலம், ஆக்ஸிஜனுக்குச் சிவப்பு, குளோரினுக்குப் பச்சை என அவர் அன்று இட்ட வர்ணங்களே இன்றும் கணினித் திரையில் ஏறக்குறைய அப்படியே வழங்குகின்றன. எனினும் அவர்தம் உருவங்களிலே பந்துகள் யாவும் ஒரே தளத்திற் கிடந்தன. கரியணுவின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீளுகின்றன என்ற உண்மையை 1874-இல் வான்ட் ஹாப் என்பவரும் லெ பெல் என்பவரும் தனித்தனியே வெளியிட்டனர். வான்ட் ஹாப் தாளை மடித்துச் சிறு நான்முகிகள் செய்து அறிஞர் சிலருக்கு அனுப்பியும் வைத்தார். முதுபெரும் இரசாயனரான கோல்பே 1877-இல் அவரை வன்மையாக எள்ளி எழுதினார். எள்ளப்பட்டவர்க்கே இரசாயனத்துக்குரிய முதல் நோபல் பரிசு 1901-இற் கிடைத்தது.

அத்தாள் நான்முகியின் சிறப்பு யாது? அதனைப் பெற்றவர் தம் விரலாலேயே திருப்பிப் பார்க்கலாம். வேண்டிய பக்கம் முன்வந்தவுடன் நிறுத்திக்கொள்ளலாம். தாமாகச் சுழன்றுகொண்டேயிருக்கும் இக்காலத்துத் திரையுருவங்களுக்கு இல்லாத குணம் அதுவே.

இடமும் வலமும் மாறினால் என்ன குறைந்துவிடும் என்று ஒருவர் கேட்கலாம். வலம்புரிச் சங்குக்கும் இடம்புரிச் சங்குக்கும் விலையிலே உள்ள வேற்றுமையை நாடறியும். மூலக்கூறுகளின் உலகத்திலோ அவ்வேற்றுமை விலையோடு நிற்பதன்று. கார்வோன் என்னும் பொருள் கண்ணாடிப் பிம்பங்களான இரண்டு வடிவங்களில் உண்டு. ஒன்று ஈட்டிப் புதினாவின் மணம் வீசும். மற்றொன்று சீரகத்தை ஒத்த கேரவே விதையின் மணம் வீசும். அணுக்கள் அவையே, பிணைப்புகளும் அவையே. அமைந்த பக்கம் ஒன்றே வேறு. நம் மூக்கு அறியும் இவ்வேறுபாட்டை நம் படவில்லை மறைக்குமாயின், அப்படவில்லையால் வரும் பயன் யாதோ?

பெரிய மூலக்கூறுகளைக் கையாற் செய்துபார்க்கத் தொடங்கியபோதுதான் இடர் முற்றிற்று. கெண்ட்ரு என்னும் ஆங்கில விஞ்ஞானி 1960-ஐ ஒட்டி மயோகுளோபின் என்னும் புரதத்தின் மாதிரியை அமைத்தபோது, ஏறத்தாழ 2,500 கம்பிகளைக் காடுபோல நட்டு, அவற்றினிடையே அணுக்களை வர்ணக் குறிகளாற் காட்ட வேண்டியதாயிற்று. கம்பிகளின் நெருக்கத்திலே மூலக்கூற்றைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது! அதன்பின் சில ஆண்டுகளில், அமெரிக்காவிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே லெவிந்தால் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் கணினித் திரையிலே புரதத்தின் கோட்டுருவத்தை வரைந்து, உருண்டை வடிவான ஒரு கைப்பிடியைத் திருப்பி அதனைச் சுழலச் செய்தனர். நிற்கும்போது வெறுங் கோட்டுக் குப்பையாய்த் தோன்றிய உருவம், சுழன்றவுடன் ஆழமும் பருமையும் உடையதாய்க் கண்ணெதிரே எழுந்தது. திரையிலே மூலக்கூறு சுழலும் வழக்கத்துக்கு மூலம் இதுவே. அங்கும் சுழற்சியை ஆண்டது பார்ப்பவரது கையே என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, பலரும் கவனியாத ஒன்றைக் கூறுகின்றேன். மெல்லிய கோடுகளால் மட்டும் வரைந்த ஓர் உருவம், தொலைவிலுள்ள பகுதி சிறுக்காமலும் மங்காமலும் சுழலுமாயின், அஃது எப்பக்கமாகச் சுழல்கிறது என்று கண்ணால் துணிய இயலாது. ஒரு கணம் வலமாகத் தோன்றும். கண்ணிமைத்துப் பார்த்தால் இடமாகத் தோன்றும். திசை மாறித் தோன்றும்போது முன்னுள்ளது பின்னாகவும் பின்னுள்ளது முன்னாகவும் ஆகிவிடும். அதாவது, மாணாக்கர் அப்பொழுது காண்பது அம்மூலக்கூற்றின் கண்ணாடிப் பிம்பத்தையே. புரதங்களிலுள்ள ஆல்பாச் சுருள் வலக்கைத் திருகாணியைப் போன்றது. அதனை இடக்கைத் திருகாணியாகக் கண்டு, கண்டதையே ஏட்டில் வரைந்துகொண்டு போகும் மாணாக்கர்மேற் பிழையில்லை. படவில்லை அமைத்தவர்மேலேயே பிழை. இதற்குப் பரிகாரமும் எளிதே. பின்னுள்ளவை மங்கித் தோன்றுமாறு மூடுபனிபோன்ற மறைப்பை இடுக. அண்மையது பெரிதாகவும் சேய்மையது சிறிதாகவும் தோன்றும் நோக்கினை அமைக்க. கோடுகளுக்கு மாறாக ஒன்றை ஒன்று மறைக்கும் பருமையான உருவங்களைக் கொள்க. கைமெராஎக்ஸ், பைமால் முதலிய மென்பொருள்களில் இவை யாவும் சில சொற்கட்டளைகளால் முடிவன.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் எடுத்துக்காட்டாற் கூறுதல் நலம். ஹீமோகுளோபினையே கொள்வோம். 1971-இல் ஏழே உருவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியிலே இன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட உருவங்கள் உள்ளன. எவரும் பொருள் கொடாது பெற்றுக்கொள்ளலாம். அதிலே 4எச்எச்பி என்னும் குறியுடையது, ஆக்ஸிஜனைத் துறந்த நிலையிலுள்ள மனித ஹீமோகுளோபின். நான்கு சங்கிலிகள், 574 அமினோ அமிலங்கள், நான்கு ஹீம்கள். இதனைத் திரையிலிட்டுச் சும்மா சுழற்றினால் காண்போர்க்குத் தோன்றுவது வர்ண நூலுண்டை ஒன்றே. ஆனால், ‘அரிவாளணுச் சோகையை விளைக்கும் அந்த ஒரே மாற்றம் இவ்வுருவத்தில் எங்கே இருக்கிறது?’ என்ற வினாவை முதலிலே எழுப்பிவிட்டுச் சுழற்றிப் பாருங்கள். பீட்டாச் சங்கிலியின் ஆறாம் இடத்திலே குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். நோயுடையாரிடத்தே அவ்விடத்தில் வாலின் இருக்கிறது. முழு உருவத்தையும் வெளிறிய நிறத்தில் நிறுத்தி, அந்த ஆறாம் இடத்தை மட்டும் அழுத்தமான நிறத்தில் தீட்டி, மெல்லத் திருப்புக. அவ்விடம் முகத்துக்கு நேரே வந்ததும் நிறுத்துக. அப்பொழுதன்றோ காண்பவர், ‘இஃது உள்ளே மறைந்ததன்று, மேற்புறத்திலே கிடக்கிறது; ஹீமுக்கு நெடுந்தூரம்’ என்று தாமே அறிவர்! அடுத்த படவில்லையில் 2எச்பிஎஸ் என்னும் உருவத்தைக் காட்டி, ஒரு மூலக்கூற்றின் வாலின் அயல் மூலக்கூற்றின் 85-ஆம் பினைலாலனினுக்கும் 88-ஆம் லூசினுக்கும் இடையிலுள்ள குழியிலே பொருந்துவதைச் சுட்டுக. மூலக்கூறுகள் கயிறுபோற் கோத்துக்கொள்வதும், சிவப்பணு அரிவாளாய் வளைவதும் இதனாலேயே என்பது விளங்கிவிடும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இக்குறை உண்டென்பது 1952-இலேயே அறிவிக்கப்பட்டது. ஆதலின் இது நமக்கு ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. நம் மாணாக்கருள் மருத்துவப் பணிக்கும் செவிலியர் பணிக்கும் செல்வோர் அம்மக்களின் வாயிலிலே ஒருநாள் நின்று, இந்நோய் எவ்வாறு வருகிறதென்று விளக்கவேண்டி நேரும்.

இவ்விரண்டு படவில்லைகளிலும் முழுச் சுற்று எங்கும் வேண்டியதாயில்லை என்பதைக் காண்க. பெரும்பாலான காட்சிகளுக்கு, இப்பக்கம் முப்பது பாகையும் அப்பக்கம் முப்பது பாகையுமாகத் தொட்டில்போல் அசைப்பதே போதும்; ஆழமும் தெரியும், முகமும் மறையாது. முழுச் சுற்றே வேண்டுவார், பாகைக்கு ஒரு படமாக 360 படம் எடுத்து, விநாடிக்கு முப்பதாக ஓட்டினால் பன்னிரண்டு விநாடியில் ஒரு சுற்று முடியும். அதனினும் விரைவு வேண்டா. தொடக்கப் படத்தையே இறுதியிலும் சேர்த்து 361 ஆக்குவோர் பலர். அதனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உருவம் ஒரு கணம் இடறி நிற்கும்.

பெயரிடுதலைப்பற்றியும் சில சொல்லவேண்டும். திரையிலே உருவம் சுழல, பவர்பாயிண்ட்டில் தனியே எழுதிய பெயர் அசையாது நிற்கும். அரைச் சுற்றுக்குப்பின் அம்பு வேறோர் அணுவைச் சுட்டும். இஃது ஊர்ப்பெயர்ப் பலகையை ஓடும் வண்டியில் மாட்டியதற்கு ஒப்பாகும். பெயரை மென்பொருளிலேயே அவ்வணுவோடு பிணைக்கவேண்டும். அன்றேல் உருவம் நின்றபின் தோன்றச் செய்யவேண்டும். யான் விரும்புவது பின்னதையே. ஓடுவதைப் பார்க்கும் கண் எழுத்தைப் படிக்காது. எழுத்தைப் படிக்கும் கண் ஓடுவதைப் பாராது. ஒரு நிறுத்தத்துக்கு மூன்று பெயர்களுக்கு மேல் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணினர் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். அவ்விரு நிறங்களையே எதிரெதிர் வைத்து வேறுபாடு காட்டுவது அவர்களை அவையினின்று வெளியேற்றுவதாகும்.

பெயர்களினும் மேலாக எழுதவேண்டிய குறிப்பு ஒன்றுண்டு. அதனையே யாவரும் விட்டுவிடுகின்றனர். உருவம் எங்கிருந்து பெறப்பட்டது, எம்முறையால் அறியப்பட்டது, எவ்வளவு நுட்பமாக அறியப்பட்டது என்பனவற்றைப் படத்தின் அடியிலே ஒரு வரியில் எழுதுக. 4எச்எச்பி படிகத்திலிருந்து எக்ஸ் கதிரால், 1.74 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் அறியப்பட்டது. ஹைட்ரஜன் அணுக்கள் படத்தில் ஏன் இல்லை என்று கேட்கும் மாணாக்கருக்கு அவ்வரியே விடை தரும். அந்நுட்பத்திலே அவை கதிருக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை. புரதத்தை நாடாப்போல் வரையும் வழக்கத்தை 1981-இல் ஜேன் ரிச்சர்ட்சன் அம்மையார் வகுத்துப் பரப்பினார். நாடா என்பது சங்கிலி செல்லும் வழியைக் காட்டும் ஓவியமேயன்றி, புரதத்தினுள்ளே நாடா ஏதுமில்லை. இதனையும் சொல்லிவிடவேண்டும். சுழற்சியும் நம் நோக்கின் சுழற்சியே. நீரிலுள்ள மூலக்கூறு ஓர் அச்சில் அமைதியாய்ச் சுற்றுவதில்லை. எப்பக்கமும் முட்டுண்டு தாறுமாறாகப் புரள்கிறது.

மூலக்கூற்றினுள்ளேயே நிகழும் அசைவும் உண்டு. ஆக்ஸிஜனை ஏற்கும்போது ஹீமோகுளோபினின் ஒரு பாதி மற்றொரு பாதியைச் சார்ந்து ஏறத்தாழ 15 பாகை திரும்புகிறது. இதனைக் காட்டும்போது முழு உருவத்தையும் சேர்த்துச் சுழற்றுவோர், காட்ட வந்ததைத் தாமே மறைக்கின்றனர்.

இவ்வகையில் மிகச் சிறந்த படவில்லைக்கு இடந்தரும் பொருள் நம் நாட்டிலேயே பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்திலே ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் மூவரும் 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பெப்டைடுச் சங்கிலியின் இரண்டு பிணைப்புகளை எவ்வெக் கோணத்திற்குத் திருப்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கும் என்று வரையறுத்தது. பாடநூலிலே அது சில திட்டுகள் தீட்டிய சதுரமாகக் காட்சி தருகிறது. மாணாக்கர் அத்திட்டுகளை மனப்பாடம் செய்து தேர்வில் வரைகின்றனர். அதற்கு மாறாக, இரண்டு பெப்டைடுகளை மட்டும் திரையில் நிறுத்தி, ஒரு பிணைப்பை மட்டும் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பி, அணுக்கள் முட்டுமிடத்தே சிவக்கச் செய்து, பக்கத்திலுள்ள சதுரத்தில் அவ்விடத்திலே ஒரு புள்ளியும் விழச் செய்தால் எப்படியிருக்கும்! சதுரத்தின் வெற்றிடம் ஏன் வெற்றிடமாயிற்று என்பது பத்து நிமிடத்திலே விளங்கிவிடும்.

இத்தனை முயற்சி எதற்கு, மரப்பந்தும் குச்சியும் போதாவா என்று மூத்த ஆசிரியர் சிலர் கேட்பர். மீத்தேனுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் அவையே போதும். அவற்றுக்குப் படவில்லை செய்வது வீண். கையில் அடங்குவதைக் கையிற் கொடுப்பதே முறை. கையில் அடங்காததற்கே திரை. ஆய்வுக்கூட அலமாரிகளிலே தூசுபடிந்து கிடக்கும் பந்துப் பெட்டிகளைக் குப்பையிலிட எண்ணுவார் சற்றுப் பொறுப்பாராக.

துறை மன்றங்களில் பரிசு வழங்குவோர்க்கு ஒரு விண்ணப்பம். படவில்லைகளை மதிப்பிடும்போது, பேசியவரைப் பாராட்டுமுன், அவையிலிருந்த முதலாண்டு மாணாக்கர் ஒருவரை எழுப்பி, கண்டதைக் கரும்பலகையில் வரையச் சொல்லுங்கள். அவர் வரைவதற்கும் மதிப்பெண்ணிற் பாதியை ஒதுக்குங்கள். மின்சாரம் போனாலும் ஒளிவிளக்கு பழுதுபட்டாலும் கூட்டம் கலையாதிருக்க, நிறுத்தங்களில் எடுத்த நிலைப்படங்கள் மூன்றையேனும் தாளில் அச்சிட்டு அவையோர்க்கு முன்கூட்டியே வழங்குமாறும் விதியுங்கள்.