பிரசவ அறைக்கு வெளியே நிக்கிற அம்மா

"பிரசவமெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், உனக்கென்னடா அதுல வேலை?"ன்னு கேக்க நினைக்கிறவங்க இப்பவே கேட்டுடுங்க. கேட்டாச்சா? சரி, விஷயத்துக்கு வருவோம்.

வலியில கிடக்கற பொண்ணு பக்கத்துல, அவளுக்கு வேண்டிய ஒருத்தர் இருக்கணும். இதைச் சொல்ல எங்க அன்னவாசல் அப்பத்தா போதும். ஆனா நமக்கு ஆராய்ச்சின்னாதானே காது கேக்கும்? குவாத்தமாலாவுல ஒரு ஆஸ்பத்திரியில சோதிச்சு, 1980-ல முடிவை வெளியிட்டாங்க. முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்துல இருந்து கையைப் பிடிச்சு, முதுகைத் தடவி, பேச்சுக் குடுத்தாங்க. அவ்வளவுதான். சிக்கலில்லாத பிரசவங்கள்ல, அட்மிட் ஆனதுலேர்ந்து குழந்தை பிறக்க, தனியா கிடந்தவங்களுக்குச் சராசரி 19.3 மணி நேரம். துணை இருந்தவங்களுக்கு 8.8! அது சின்ன ஆய்வுதான். ஆனா 17 நாடுகள்ல 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வச்சு நடந்த ஆய்வுகளை 2017-ல தொகுத்துப் பாத்தப்பவும் அதே கதைதான். வலி நேரம் குறையுது, சிசேரியனும் குறையுது.

தமிழ்நாடு அரசு 2004-லயே அரசு ஆஸ்பத்திரிகள்ல பிரசவத் துணைக்கு வழி பண்ணிடுச்சு. மத்திய அரசு 2016-ல விதிமுறையே போட்டுடுச்சு. செலவு? ஒரு ஸ்டூல்.

அப்புறமும் எங்க சித்தப்பா பொண்ணு பிரசவத்துக்குப் போன எடத்துல (பேரு வேணாம்) மூணு பெத்த எங்க சித்தி வராந்தாவுல நின்னாங்க. உள்ளே அவ கத்தினதுக்குக் கெடச்ச பதில்: "அன்னிக்கு இனிச்சுதுல்ல, இன்னிக்கு எதுக்குக் கத்துறே?"

கேட்டா காரணம் ரெடியா இருக்கு. அடுத்த கட்டில் பொண்ணுக்கு மறைவு வேணுமாம். வேணும்தான், ஸ்கிரீன் துணி எதுக்கு இருக்கு? கிருமி வருமாம். தொற்றுநோய் இல்லாதவரா, சுத்தமான உடுப்போட வரணும்னு அந்த விதியிலயே இருக்கு. கூட்டம் போடுவாங்களாம். கேக்கறது ஒரே ஒருத்தரைத்தான் சாமி!

நர்ஸ் மேல பழி போடலை. ஒரே ஆளா நாலு பிரசவம் பாக்கறவங்களுக்கு, தண்ணி குடுக்க, முதுகு தடவ இன்னொரு கை கிடைச்சா லாபம்தானே? அப்ப ஏன் கதவு மூடுது? எனக்குத் தோணுறது இதுதான்: கூட இருக்கறவங்க வெறும் துணை இல்லை, சாட்சி. யார் திட்டினா, யார் அடிச்சா, எதுக்காகக் கத்தி வச்சாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போகும்.

கத்தின்னதும் ஞாபகம் வருது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 99.6% பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். சபாஷ்! சிசேரியன் 44.9%. தனியார்ல மட்டும் 63.8%. சிசேரியனுக்குப் பில் போடலாம், கையைப் பிடிச்சுக்கறதுக்குப் போட முடியாதே.

புதுக்கோட்டையில பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல மகப்பேறு உதவித்தொகை குடுக்கறாங்க. நல்ல விஷயம். அதோட அந்தக் கதவையும் கொஞ்சம் திறந்து விட்டா அந்தம்மா பேருக்கு இன்னும் மரியாதை.

அதுவரைக்கும் நாம ஒண்ணு செய்யலாம். உங்க வீட்டுல யாராவது மாசமா இருந்தா, செக்கப் போகும்போதே கேளுங்க: "வலி வந்தா கூட ஒருத்தரை உள்ளே விடுவீங்களா?" முடியாதுன்னா, ஏன்னு கேளுங்க. பத்துப் பேர் கேட்டா பதினோராவது பொண்ணுக்காவது கதவு திறக்கும்.