இரண்டாவது ஆம்ப்ளிஃபயர் எதற்கு?
அம்பத்தூர், ஆவடி அடுக்ககங்களில் வீட்டு ஸ்டீரியோவுக்கு இரண்டாவது ஆம்ப்ளிஃபயர் வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு. வாட் இருமடங்கானாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் தெளிவு கூடாதா என்பார்கள். கூடும், ஆனால் கோயில் விழாக்களுக்குப் பெரிய பெட்டிகள் வைக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் செய்வதுபோல, ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே எலெக்ட்ரானிக் கிராஸ்ஓவர் வைத்து ஒலியைப் பிரித்தால்தான். ஸ்பீக்கருக்குள் உள்ள கிராஸ்ஓவரை அப்படியே விட்டு ஒயரை மட்டும் பிரித்தால் கிடைப்பது சொற்பம். வீட்டில் கேட்கும் அளவுக்குச் சில வாட்டே போதும். நம் வீடுகளில் ஒலியைக் கெடுப்பவை டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும்தான். முதலில் தடித்த திரைச்சீலையும் ஜமக்காளமும் போடுங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து தள்ளி வையுங்கள்.