தோலின் அத்திவாரத்தைக் கரைக்காதீர்கள்

தோலைத் தாங்குவது கலங்களுக்கு இடையேயுள்ள கொலாஜன் என்னும் புரதம். கரப்பனுக்கு வைத்தியர் தரும் ஸ்ரெரொயிட் கிறீம், அளவோடு பூசினால் நன்மையே. ஆனால் சிட்டையில்லாமல் விற்கப்படும் சில 'வெள்ளையாக்கும்' கிறீம்களிலும் கடுமையான ஸ்ரெரொயிட் கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் கொலாஜன் குறைந்து தோல் மெலியும். அப்படி விற்பது இந்நாட்டில் சட்டவிரோதம். பூசுகிறவர்கள் வெட்கப்படாமல் அந்தக் கிறீமையும் கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

கறுத்தத் தோலுக்குப் புற்றுநோய் வராது என்பதும் தவறு. பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால்விரலில் மெலனோமா கண்டுபிடிக்கப்பட்டது; 1981இல், 36 வயதில் இறந்தார். புற்றுக்கலங்கள் மேற்தோலுக்கு அடியிலுள்ள புரதப் படையை அரித்து உட்புகுந்த பின்னரே பரவுகின்றன. அதற்கு முன் வெட்டியெடுத்தால் பெரும்பாலும் குணமாகும்.

வெஸ்ட் ஈலிங் உறவுகளே, முகத்தை வெளுக்கும் நேரத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். புதிய கரும்புள்ளியோ, ஒரு நகத்தில் மட்டும் புதிதாகக் கருங்கோடோ கண்டால் உடனே காட்டுங்கள். எங்கள் கறுப்பு நிறம் நோயல்ல.